ஹேங் ஆகும் பழைய கணினி: தூசு தட்டுவதற்கு முன்னால்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் டெஸ்க்டாப் 2013இல் வாங்கியது, நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இரண்டு மாதமாக ஹேங் ஆகிக்கொண்டே இருக்கிறது, சில நேரம் தானாகத் தெளிகிறது, சில நேரம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. தூசு தட்டியாகிவிட்டது, வைரஸ் ஒன்றும் இல்லை, கடைக்காரர் "இதெல்லாம் பழசு, புதுசு வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். அப்பாவோ தமிழாசிரியராக இருந்த காலத்தில் தட்டச்சு செய்த மேடை நாடகம், பட்டிமன்றப் பேச்சு, வகுப்புக் குறிப்பு எல்லாம் கணினி மாறி மாறி இதில்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அதை விட மறுக்கிறார். இதுதானே விஷயம்?

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். அப்பாவின் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. "முதலில் சரிபண்ணிவிட்டு அப்புறம் காப்பி எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்துத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் என் சின்னம்மாவின் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் கணினி மேசைக்கு நேர் மேலே சாமி அலமாரி. காலையும் மாலையும் ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் மூதாதையருக்காகக் கீழே எரிக்கும் காகிதச் சாம்பலும் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வந்து சேரும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்தது தூசு இல்லை, பசை. விசிறியின் ஒவ்வோர் இறக்கையின் ஓரத்திலும் கறுப்பாகப் படிந்து, தொட்டால் விரலோடு வந்தது, கற்பூரமும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை வேறு. இதுதான் காரணம் என்று முடிவு கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பஞ்சும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தேன். பளபளவென்று ஆனது, சின்னம்மா மீன்குழம்பு வைத்துப் போட்டார், பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை மறுபடி ஹேங். அடுத்த வாரம் வெறும் கறுப்புத் திரை, டிஸ்க்கே இல்லை என்றது கணினி. ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பேத்தியின் முதல் இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. தரவு மீட்கும் ஓர் இடத்தில் கேட்ட தொகைக்கு இன்னொரு கணினியே வாங்கியிருக்கலாம். சின்னம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆகவே ஒரு பெரிய தம்ப் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள் (அந்தப் பெயரே இந்த ஊர்க்காரர்கள் வைத்ததுதான், டிரெக் நிறுவனம் 2000இல் அந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது). கணினியைப் போட்டவுடன் வேறெதையும் திறக்காமல் முதலில் அப்பாவின் எழுத்துகளை, அதாவது ஆவணக் கோப்புகளை மட்டும் காப்பி எடுங்கள். அவை அளவில் சிறியவை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் படங்கள், கடைசியில்தான் வீடியோ. மொத்தமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், நடுவில் ஒரு கோப்பில் சிக்கினால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். ஒரு குறிப்பிட்ட கோப்பைத் தொடும்போது மட்டும் நிற்கிறதென்றால் அதை விட்டுவிட்டு மேலே போங்கள், அது எந்த ஃபோல்டர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தகவல் பின்னால் உதவும். இந்த வேலை முடியும்வரை டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை அடுக்குவது), டிஸ்க் செக் (டிஸ்க்கில் பிழை தேடுவது) என்று யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள். நல்ல டிஸ்க்குக்கு அது வைத்தியம், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அதன் மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்வது கிழவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி.

இன்னொன்று, இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். அப்பாவின் பழைய கோப்புகள் யுனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருக்களில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை, 1997இல் இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியபோது பேசித் தீர்க்கப் பார்த்த தலைவலிகளில் அதுவும் ஒன்று. கோப்பை மட்டும் எடுத்துப்போய்ப் புதுக் கணினியில் திறந்தால் நாடகத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கல்தான் தெரியும், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுத்து வையுங்கள். அந்த எழுத்துருவைப் புதுக் கணினியில் நிறுவினால் கிறுக்கல் தமிழாகிவிடும், அப்புறம் நிதானமாக யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இலவச மாற்றிகள் கிடைக்கின்றன.

சரி, காப்பி எடுத்தாகிவிட்டது. இனி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம்.

"ஹேங் ஆகிறது" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. அடுத்த முறை நிற்கும்போது பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகாமல் கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனை ஒரு தடவை தட்டி, அதன் சின்ன விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். விளக்கு அணைந்து எரிந்தால், தாமதமாக எரிந்தாலும் சரி, கணினி உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, மௌஸ் முள்ளும் நகரவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி "ட்ர்ர்ர்" என்று இழுக்கிறது என்றால் அது மயக்கம் இல்லை, மாரடைப்பு. முதல் வகை பெரும்பாலும் டிஸ்க் அல்லது ரேம் போதாமை. இரண்டாவது வகைக்கு ரேம் பழுது, பவர் சப்ளை, மதர்போர்டு (எல்லா உறுப்புகளும் மாட்டியிருக்கும் தாய்ப்பலகை), சில நேரம் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். நீங்கள் "சில நேரம் தானாகத் தெளிகிறது" என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் நேராக டிஸ்க் மேல்தான் போகிறது. பெட்டியின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு ஒன்று இருக்கும், நிற்கிற நேரத்தில் அது சிமிட்டாமல் விடாப்பிடியாக எரிந்துகொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அது காட்டும் பட்டியலில் நான்கு வரிகளை மட்டும் பார்த்தால் போதும்: 05, சி5, சி6, சி7. 05 என்பது பழுதான இடங்களை ஒதுக்கிவிட்டு டிஸ்க் தன் சேமிப்பிலிருந்து மாற்று இடம் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் திணறிக்கொண்டு, என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யாமல் வைத்திருக்கும் இடங்கள். சி6 என்பது எப்படியும் படிக்க முடியாது என்று கைவிட்டவை. வலது கோடியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் என்றால் நிம்மதி, சி5இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் உங்கள் ஹேங்குக்கு அனேகமாக அதுதான் காரணம். அந்த இடத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிறது, அதுவரை விண்டோஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, ஒரு வழியாகப் படித்துவிட்டால் தானாகத் தெளிகிறது. நீங்கள் விவரித்தது அப்படியே இதுதான். சி7 மட்டும் வேறு கதை, அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைச் சந்தேகிக்காமல் அந்தச் சிவப்பு அல்லது நீல சாட்டா கேபிளை மாற்றுங்கள், சில வெள்ளியில் முடிகிற வேலைக்குப் புது டிஸ்க் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

டிஸ்க் சுத்தமாக இருந்தால் ரேம். முதலில் போதுமா என்று பாருங்கள், டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு பிரௌசரில் நாலைந்து பக்கம் திறந்தால் 4 ஜிபி நிரம்பி வழியும், வழிந்தது டிஸ்க்குக்குப் போகும், பழைய ஹார்ட் டிஸ்க்கோ ஆமை. இதுவும் முதல் வகை ஹேங்தான், பழுதே இல்லாமல் வருவது. ரேமே பழுதா என்று அறிய மெம்டெஸ்ட்86ஐத் தம்ப் டிரைவில் போட்டு ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள், காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அந்த ரேம் வேண்டாம். இரண்டு குச்சி இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு நாள், மற்றதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது அதைவிட எளிது. கழற்றும்போது அதன் தங்கநிறப் பற்களை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்த தொடுமுனைகள் மங்கிப்போயிருக்கும், சும்மா கழற்றி மாட்டியதிலேயே சரியான கணினிகளும் உண்டு. பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் பழைய வித்தையும் வேலை செய்யும், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடு. இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள், ஏனென்றால் தூசு கண்ணுக்குத் தெரிகிறது, சி5 தெரிவதில்லை. உண்மையில் இன்றைய சிபியுக்கள் (கணினியின் மூளையான சில்லு) கொதித்தால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் பட்டென்று தானே அணைந்துவிடும், நடுவில் உறைந்து நிற்பது குறைவு. அதனால் உங்களுடையது அணையாமல் நிற்கிறது என்பதே சூட்டின் மேல் இருக்கும் சந்தேகத்தைக் குறைக்கிறது. ஆனாலும் பார்த்துவிடலாம். பிற்பகலில் வீட்டுக்குள்ளேயே 31, 32 டிகிரி இருக்கிற ஊர் இது, பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் உள்ளே இன்னும் அதிகம். எச்டபிள்யூமானிட்டர் போன்ற, சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது 40, 50, வேலை செய்யும்போது 80வரை போனாலும் கவலை இல்லை, 100ஐ நெருங்கினால் கோளாறு. அந்தத் தலைமுறை இன்டெல் பெட்டியோடு வந்த வட்ட விசிறி நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும், அதில் ஒன்று விட்டுக்கொடுத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், எவ்வளவு தூசு தட்டினாலும் சூடு இறங்காது. விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுதான். விசிறியைக் கழற்றினால் சில்லின் சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்காமல் திரும்ப மாட்டாதீர்கள். காற்று டப்பாவால் ஊதுவதென்றால் வெளியே காரிடாரில் வைத்து ஊதுங்கள், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சில டப்பாக்களில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு. ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடலாம். நீங்கள் வாங்கிய 2013, ஜூன் மாதத்தில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்ட வருடம், அந்தப் புகையில் ஒரு பங்கு உங்கள் ஹீட் சிங்க்கிலும் (விசிறிக்கு அடியில் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) இருக்கலாம், போகட்டும்.

மூடியைத் திறப்பதற்கு முன் சுவரில் சுவிட்சை அணைத்து, மூன்று முனைப் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். திறந்ததும் மதர்போர்டில் சின்ன சின்ன உருளைகளாக நிற்கும் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். தலையில் உள்ள கீறல் மேலே பிதுங்கியோ, பழுப்பாக ஏதாவது கசிந்தோ இருந்தால் அந்த மதர்போர்டுக்கு இனி செலவு செய்யாதீர்கள். பவர் சப்ளையைச் சோதிக்க சிறந்த வழி, நல்ல நிலையில் இருக்கும் இன்னொன்றை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதுதான். மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் கம்பியில் 11.4க்குக் கீழே போகிறதா என்று பார்க்கலாம், ஆனால் சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு வேலை வரும்போது விழுவதுதான் பழுதான பவர் சப்ளையின் குணம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 230 வோல்ட்டிலிருந்து சேர்த்துவைத்த மின்சாரம் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இத்தனையும் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் ஒரே ஒரு சோதனை சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இதுதான். லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலான ஓர் இலவச இயங்குதளம்) ஒரு தம்ப் டிரைவில் ஏற்றுங்கள், ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், தம்ப் டிரைவிலிருந்தே கணினியைத் துவக்கி இரண்டு மூன்று மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஹேங் ஆகாமல் ஓடினால் குற்றவாளி அனேகமாக டிஸ்க், அதன் கேபிள் அல்லது விண்டோஸ். அப்போதும் நின்றால் டிஸ்க்கும் விண்டோஸும் நிரபராதி, பெரும்பாலும் ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு, சூடு என்பவைதான் மிச்சம். ஒரு மாலை நேரத்தில் பாதி உலகத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக வரிசையாக நிற்கும், அதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளையை மாற்ற ஓடாதீர்கள், நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததைத்தான் அது எழுதிவைத்திருக்கிறது. டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணோடு வரிகள் இருந்தால் மட்டும் கவனியுங்கள், 7 பழுதான இடம், 153 திரும்பத் திரும்ப முயன்றது.

நடுவில் ஒன்று, அப்பா வயதானவர் என்பதால் சொல்கிறேன். முழுத்திரையை அடைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அது ஹேங் இல்லை, மோசடி. எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தாலோ டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடினாலோ போய்விடும். அந்த எண்ணை அழைக்கவே கூடாது, சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான ஸ்கேம்ஷீல்டின் 1799ஐ அழைக்கச் சொல்லிவையுங்கள்.

இப்போது கடைக்காரர் சொன்ன பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, நான்காம் தலைமுறை இன்டெல்லை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கதவு திறக்கும். ஆகவே இந்தக் கணினியில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளம்), வங்கி வேலைகள் இனி வேண்டாம், அதை யோசிக்காமல் சொல்கிறேன். ஆனால் அப்பாவுக்குத் தேவை எழுதுவதும் படிப்பதும் பழைய பாட்டு கேட்பதும்தான் என்றால் இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட அவசியம் இல்லை. டிஸ்க்தான் காரணம் என்று உறுதியானால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றும் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றும் போடுங்கள், லினக்ஸ் மின்ட்டைப் புதிதாக நிறுவுங்கள், ஏறக்குறைய வேறு கணினி மாதிரி நடந்துகொள்ளும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யாதீர்கள், நோயும் சேர்ந்து வந்துவிடும். மதர்போர்டோ பவர் சப்ளையோ கோளாறு என்றால் மட்டும் கடைக்காரர் பக்கம் நான் சாய்கிறேன், அதற்குச் செலவு செய்வது வீண். அலுவலகங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட சின்னப் பெட்டிகள் கேரோசல் இணையச் சந்தையில் நிறைய வருகின்றன, அதை வாங்கிக்கொள்ளலாம், எஸ்எஸ்டி ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய உதிரிக்கு முன்பெல்லாம் சுங்கை ரோடு திருட்டுச் சந்தைதான், தரையில் விரித்த தார்ப்பாயில் ரேம் குச்சிகளைக் குவித்துவைத்திருப்பார்கள், பேரம் பேசினால் கிடைக்கும். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அதற்குப் பக்கத்திலேயே சிம் லிம் ஸ்குவேர் மேல் மாடிகள், தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடந்துபோகிற தூரம். முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடை ஏறி இறங்குங்கள், பழைய ரேமை அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், தரமாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். போகும்போது உங்கள் பழைய ரேம் குச்சியையும் பையில் எடுத்துப் போங்கள், டிடிஆர்3க்குப் பதிலாக டிடிஆர்4 வாங்கிவந்து பள்ளம் பொருந்தாமல் முழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே மின்கழிவுத் தொட்டியில் போடாதீர்கள். அதில் அப்பாவின் அடையாள அட்டை நகல், வரிக் கணக்கு என்று எது எது இருக்குமோ. ஒரு வருடம் அலமாரியில் கிடக்கட்டும். நாடகத்தின் மூன்றாம் காட்சியைக் காணோம் என்று அப்பா எப்போதாவது கேட்டால், தாளில் குறித்துவைத்த அந்த ஃபோல்டரை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். அதற்கப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் எடுத்து உள்ளே இருக்கும் தட்டை உடைத்துவிட்டுப் போடுங்கள்.

இன்றைக்குக் காப்பி எடுங்கள். நாளைக்கு நிற்கும்போது நம் லாக் விளக்கு என்ன செய்தது, சி5 வரியில் என்ன எண் இருக்கிறது, இந்த இரண்டையும் சொன்னால் அடுத்து எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன்.